கணக்குப்பிள்ளையின் ஏடும் கைபேசிச் செயலியும்: காவிரிப் படுகையில் கிராமக் கணக்கு கணினிக்குள் போன வரலாறு

2021-22 நெல் கொள்முதல் பருவத்தில் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் இணையவழி முன்பதிவைக் கொண்டுவந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட விரும்பும் விவசாயி ஆதார் எண்ணையும் புல எண்ணையும் வங்கிக் கணக்கையும் இணையதளத்தில் பதிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அதற்கு ஒப்புதல் அளிக்க வேண்டும். பிறகு தனக்கு ஒதுக்கிய நாளில் நெல்லோடு வர வேண்டும். வெளியூர் வியாபாரிகள் நெல்லைக் கொண்டுவந்து உள்ளூர் விவசாயி பெயரில் கொட்டுவதைத் தடுப்பதே நோக்கம். அந்த நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்ட விவசாயச் சங்கங்கள் உடனே எதிர்த்தன.

எதிர்ப்பின் காரணம் வயலில் இருந்தது. டெல்டாவில் இன்று அரிவாள் அறுவடை அரிது. அறுவடை இயந்திரம், அதாவது டயர் வண்டியோ பெல்ட் வண்டியோ, எந்த நாளில் ஊருக்குள் வருகிறதோ அந்த நாளில்தான் அறுப்பு. வண்டி வந்துவிட்டால் பக்கத்துப் பக்கத்து வயல்கள் எல்லாம் ஒரே மூச்சில் அறுபடும். மழை வரும் போல் இருந்தால் முற்றாத கதிரையும் அறுத்துவிடுவார்கள். இயந்திரம் அறுத்த நெல்லில் ஈரம் கூடுதல். கொள்முதலுக்கு வழக்கமான வரம்பு 17 விழுக்காடு ஈரப்பதம். அந்த நிலை வரும் வரை நெல்லைச் சாலையோரத்திலோ களத்திலோ காய வைத்துத் தூற்ற வேண்டும். சாக்கும் சணலும் இருந்தால்தான் நிலையத்தில் பிடிப்பார்கள். பிடித்த மூட்டையை ஏற்ற லாரி வந்தால்தான் அடுத்தவர் நெல்லைக் கொட்ட இடம் கிடைக்கும். ஐப்பசி மழையில் இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியும் முன்கூட்டி ஒரு தேதிக்குக் கட்டுப்படாது. முன்பதிவு அமைப்போ ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டது: எந்தத் தேதி?

அரசுக் கணினித் திட்டங்கள் களத்தோடு ஒட்டாமல் போவதற்கு வழக்கமாக மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஊழியர்களுக்குப் பயிற்சி இல்லை, கிராமத்தில் இணையம் இல்லை, பழைய ஊழலை இழக்க மனமில்லை. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் காவிரிப் படுகையின் வருவாய்க் கணக்கு வரலாற்றைப் பின்னோக்கிப் படித்தால் வேறொரு காரணம் தெரிகிறது. கணினி ஏறிய ஒவ்வொரு முறையும் படிவம்தான் அதற்குள் போனது, அந்தப் படிவத்தைச் சுற்றி நடந்த வேலை போகவில்லை. மேலும் அந்தப் படிவங்களில் நில உடைமையைச் சொல்வது முதலில் ஏறியது. பயிரைச் சொல்வது கடைசியில் ஏறியது. பயிர் செய்பவரைச் சொல்வது இன்னும் சரியாக ஏறவில்லை. இக்கட்டுரை இந்த வரிசை எப்படி உருவானது என்பதைத் தேடுகிறது.

ஏடு இருந்த காலம்

1799-இல் இரண்டாம் சரபோஜியுடன் செய்த உடன்படிக்கையின் மூலம் தஞ்சாவூரின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனி அதிகாரிகளைத் திணறடித்தது இங்கிருந்த மிராசு முறை. பல கிராமங்களில் நிலம் ஆளுக்கொரு துண்டாக இல்லை. ஊரின் மொத்த நிலத்தில் ஆளுக்கு இத்தனை பங்கு என்று இருந்தது. சில ஊர்களில் பங்காளிகள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை கரையீடு செய்து வயல்களை மாற்றிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் இந்த வயல் யாருடையது என்ற கேள்விக்கு நிலையான விடை கிடையாது. இந்த ஆண்டு யார் உழுகிறார் என்பதற்குத்தான் விடை உண்டு. அதை அறிந்தவர் கணக்குப்பிள்ளை, அதாவது கர்ணம்.

கம்பெனியும் பின்னர் அரசும் கர்ணத்தை ஒழிக்கவில்லை, படிவங்களுக்குள் கொண்டுவந்தன. அதிலிருந்து வளர்ந்ததுதான் எண்ணிட்ட கிராமக் கணக்கு முறை. அ-பதிவேடு நிலத்தின் நிரந்தர விவரம். சிட்டா ஒருவரின் பெயரில் உள்ள நிலங்களின் தொகுப்பு. கிராமக் கணக்கு எண் 2 அடங்கல். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். ஒவ்வொரு பசலிக்கும் புதிதாக எழுதப்படும் ஏடு அடங்கல். புல எண் வாரியாக எந்தப் பயிர், எந்தப் போகம், எந்த நீர், விளைந்ததா சாவியா, பயிரிடுபவர் யார் என்று அது சொல்லும். கர்ணம் மாதந்தோறும் வயலைச் சுற்றிப் பார்த்து எழுத வேண்டும். அஜ்மாயிஷ் என்று வருவாய்த் துறை அழைக்கும் தணிக்கையில் வருவாய் ஆய்வாளர் அதைச் சரிபார்ப்பார். ஆண்டு முடிவில் ஜமாபந்தியில் எல்லா ஏடுகளும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படும். தண்ணீர் வராமல் பயிர் கருகிய ஆண்டில் தீர்வை தள்ளுபடி கிடைப்பது அடங்கலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்த முறையைப் புகழ்ந்துவிட வேண்டாம். கர்ணம் பெரும்பாலும் ஊரின் ஆதிக்கச் சாதிக்காரர், பதவி பரம்பரையாக வந்தது, மிராசுதாரின் திண்ணைதான் அவருக்கு அலுவலகம். யாருடைய பெயரை எழுதுவது, யாருடையதை விடுவது என்பதில் அவருக்கிருந்த அதிகாரத்தைப் பயன்படுத்திப் பண்ணையாளையும் குத்தகைதாரரையும் நசுக்கியது உண்டு. தொடக்கக் காலக் கம்பெனி ஆட்சியின் கச்சேரி எழுத்தர்களைப் பற்றி பவானி ராமன் 2012-இல் வெளியிட்ட நூல், எழுத்தைக் கையாள்பவர் எப்படி அதிகாரத்தையும் கையாண்டார் என்பதை விரிவாகக் காட்டுகிறது. ஆனால் பின்னால் வந்த கணினி அமைப்பாளர்கள் ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். அ-பதிவேடும் அடங்கலும் இரண்டு வகை அறிவு. முன்னது மேசையில் காப்பது, பின்னது நடந்து சேர்ப்பது. முன்னதில் ஆண்டுக்கு ஒரு சில வரிகள் மாறும், பின்னதில் எல்லா வரிகளும் மாறும்.

1980

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. 1981-இல் அது சட்டமானது. கே. ராஜேந்திரன் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. பரம்பரைக் கர்ணத்தின் இடத்தில் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். சமூக நீதியின் கண்ணில் இது நியாயமான, காலம் கடந்து வந்த மாற்றம். ஒரு தலித் இளைஞர் தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றின் கணக்கை எழுதுவது அதற்கு முன் நினைத்துப் பார்க்க முடியாதது.

அந்த மாற்றத்துக்கு ஒரு விலையும் இருந்தது. ஊரின் வயல்களை மனப்பாடமாக வைத்திருந்தவர் போனார். வந்தவர் வெளியூர்க்காரர், மாறுதலுக்கு உட்பட்டவர், பல நேரங்களில் பக்கத்துக் கிராமத்தையும் கூடுதல் பொறுப்பாகச் சுமப்பவர். அவருக்கு நிலத்தைக் காட்டியவர் தலையாரி. ஏட்டில் இருந்தது மட்டுமே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏட்டில் இல்லாதது ஒப்படைக்கப்படவில்லை.

இதே ஆண்டுகளில்தான், 1979 முதல் 1987 வரை, நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஊர்வழக்கில் யூ.டி.ஆர். பல தலைமுறைகளாகத் தாத்தா பெயரிலேயே கிடந்த பட்டாக்களை அனுபவத்தில் இருப்பவர் பெயருக்கு மாற்றுவதே அதன் வேலை. ஏக்கர் கணக்கு ஹெக்டேர், ஏர் கணக்கானது. பணியின் அளவு மிகப் பெரிது, அவசரமும் பெரிது. கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளியின் பெயர் விடுபடுவது, அண்ணன் நிலம் தம்பி பெயரில் ஏறுவது, உட்பிரிவு எண் மாறுவது ஆகிய பிழைகள் ஏராளமாக நிகழ்ந்தன. யூ.டி.ஆர். தவறு என்ற சொல் இன்றும் டெல்டாவின் எந்த வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்கும். அதைத் திருத்தும் மனு கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் வரை போக வேண்டியிருந்தது.

இன்னொரு விலகலும் அப்போதுதான் நிலைத்தது. தஞ்சை விவசாயி நிலத்தை மா, வேலி என்று பேசுகிறார். 100 குழி ஒரு மா, அது ஏறத்தாழ 33 சென்ட். 20 மா ஒரு வேலி, ஏறக்குறைய 6.6 ஏக்கர். குத்தகை பேசுவதும் நடவு ஆள் கூலி பேசுவதும் மா கணக்கில். உரமும் வங்கிக் கடனும் ஏக்கர் கணக்கில். பட்டா ஹெக்டேர் கணக்கில். மூன்றுக்கும் நடுவே மாற்றிச் சொல்வது கிராம நிர்வாக அலுவலரின் அன்றாட வேலை. எந்தப் படிவமும் அதை ஒரு வேலையாகக் குறிப்பிடவில்லை. ஆகவே எந்த மென்பொருளும் அதைச் செய்யவில்லை.

திருவாரூர்

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997 ஜனவரியில் திருவாரூர் தனி மாவட்டமானது. இந்தச் சின்ன, புதிய, முழுக்க விவசாய மாவட்டம் 1999-க்குப் பின் இந்திய மின் ஆளுகை வரலாற்றில் இடம் பிடித்தது. அப்போதைய ஆட்சியர் சி. உமாசங்கர் வட்டாட்சியர் அலுவலகங்களைக் கணினிமயமாக்கினார். நிலப் பதிவேடும் முதியோர் ஓய்வூதியமும் சான்றிதழ்களும் கணினிக்கு வந்தன.

திருவாரூர் முயற்சியை நான் உயர்வாக மதிக்கிறேன். அதன் காரணம் இயந்திரத்தில் இல்லை. அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த வருவாய் ஊழியர்களுக்கே பயிற்சி அளித்து, அவர்களை அந்தப் பணியில் ஈடுபடுத்தினார்கள். கணக்கை அறிந்தவரும் கணினியை இயக்கியவரும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். மென்பொருளில் பிழை தெரிந்தால் யாரிடம் சொல்வது என்பது அடுத்த அறைக் கேள்வி. ஆட்சியர் நேரடியாக ஆதரித்தார், மாவட்டம் சிறியது. இந்தச் சூழல் வேறு இடத்தில் அப்படியே அமையவில்லை.

ஆனால் திருவாரூரிலும் முதலில் ஏறியவை வட்ட அலுவலகத்தின் பதிவேடுகள்தான். காரணம் எளிது. அவைதான் கட்டடத்துக்குள் இருந்தன. அடங்கல் வயலில் இருந்தது.

மாநிலம் முழுமைக்குமான பணி தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய தமிழ்நிலம் மென்பொருளின் வழியே நடந்தது. அடிப்படைத் தரவு யூ.டி.ஆர். பதிவேடு. அதாவது பிழைகள் அப்படியே தட்டச்சாகின. கையேட்டில் பிழை இருந்தபோது பக்கவாட்டில் பென்சில் குறிப்பு எழுத முடிந்தது. இது பங்காளித் தகராறில் உள்ளது, இன்னாரின் மகன் வெளிநாட்டில், இது கோயில் நிலம் என்றெல்லாம் பழைய ஏடுகளில் எழுதியிருப்பதைக் காணலாம். கணினிப் புலத்தில் அதற்கு இடமில்லை. இதோடு எழுத்துருச் சிக்கலும் சேர்ந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி அரசு டாம், டாப் குறியேற்றங்களை ஏற்றது. 2010-இல்தான் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு குறியேற்றத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்கள் மாறும்போதெல்லாம் கொம்பும் காலும் இடம் மாறின. தலைப்பெழுத்து விழுந்தது. பட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது பெயர். மனிதர் படித்தபோது இவை ஒரே ஆள் என்பதில் யாருக்கும் ஐயம் வரவில்லை. மூன்று கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய பிறகுதான் அந்த விவசாயி மூன்று பேரானார்.

அண்டை மாநில அனுபவத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். கர்நாடகத்தின் பூமி திட்டம் 2001 வாக்கில் சுமார் 2 கோடி நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றி, உலக அளவில் முன்னுதாரணமாகப் பேசப்பட்டது. கிராமக் கணக்கர் கையால் எழுதிக் கொடுப்பது நிறுத்தப்பட்டது. சாலமன் பெஞ்சமினும் புவனேஸ்வரி ராமனும் பிறரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அதன் மறுபக்கத்தைச் சொன்னது. அதிகாரம் கிராமத்திலிருந்து வட்டத் தலைநகருக்கு மேலேறியது. லஞ்சம் ஒழியவில்லை, அதன் அளவு கூடியது. பெரிய நிலம் வாங்குவோருக்கு வசதி, சிறு விவசாயிக்கு அலைச்சல். வளரும் நாடுகளின் மின் ஆளுகைத் திட்டங்களை மதிப்பிட்ட மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ், 2003-இல் ஒரு கணக்குச் சொன்னார். சுமார் 35 விழுக்காடு முழுத் தோல்வி, 50 விழுக்காடு பகுதித் தோல்வி, 15 விழுக்காடுதான் வெற்றி. வடிவமைப்புக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியே இதற்குக் காரணம் என்பது அவர் முடிவு. ஹீக்ஸின் சட்டகம் பயனுள்ளது. ஆனால் நடப்பு என்பதை அது ஒரே பொருளாகக் கொள்கிறது. டெல்டாவில் நடப்பு இரண்டு. சட்டப்படி நடப்பது ஒன்று, எல்லோரும் அறிந்தும் எழுதாமல் நடப்பது மற்றொன்று. அந்த இரண்டாவதுதான் குத்தகை.

எழுதப்படாத குத்தகை

தஞ்சாவூரில் நிலம் வைத்திருப்பவரும் உழுபவரும் வேறு வேறு என்பது புதிய செய்தி அல்ல. ராஜாஜி அரசு 1952-இல் தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கு அவசரச் சட்டம் இயற்ற வேண்டிய அளவுக்கு இங்கே நிலைமை தனியாக இருந்தது. 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956-இல் நியாயக் குத்தகைச் சட்டம், 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் அடுத்தடுத்து வந்தன. கடைசியாகச் சொன்னதுதான் நம் பொருளுக்கு மிக முக்கியம். நிலத்தை உண்மையில் உழும் குத்தகைதாரரின் பெயரைத் தனிப் பதிவேட்டில் ஏற்ற அது வழி செய்தது. கோயில், மடத்து நிலங்களின் குத்தகைதாரர்கள் இந்தப் படுகையில் ஏராளம். திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் மடங்களின் நிலங்கள் பல வட்டங்களில் பரந்து கிடக்கின்றன.

இந்தச் சட்டங்கள் சிலருக்கு உண்மையான பாதுகாப்பைத் தந்தன. கூடவே ஓர் எதிர்விளைவும் உண்டாயிற்று. பெயர் பதிவானால் குத்தகைதாரரை வெளியேற்ற முடியாது என்று உடைமையாளர் அஞ்சினார். ஆகவே புதிய குத்தகைகள் வாய்மொழியாயின. ஒரு போகத்துக்கு அல்லது ஓர் ஆண்டுக்குப் பேசி, மூட்டைக் கணக்கில் நெல் அளந்து, எழுத்தில் எதுவும் இல்லாமல் நடக்கும் ஏற்பாடு. நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் நிலம் பெரும்பாலும் இப்படித்தான் உழப்படுகிறது. அடங்கலில் பயிரிடுபவர் பெயருக்கு இடம் உண்டு. அங்கே உடைமையாளர் பெயரே மறுபடி எழுதப்படும். எழுதும் அலுவலருக்கு உண்மை தெரியும். அந்த ஒரு வரியை மாற்றினால் நாளை நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டி வரும் என்பதும் தெரியும்.

காகிதக் காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. பட்டாதாரர் பெயரில் அடங்கல் இருக்கட்டும். நெல் போடவோ கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்கவோ வருகிறவருக்கு, இன்னார் இந்த நிலத்தில் சாகுபடி செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் ஒரு சான்று எழுதிக் கொடுப்பார். அது சட்ட உரிமை தராது, நெல் விற்க மட்டும் உதவும். உடைமையாளரும் ஆட்சேபிக்கவில்லை, குத்தகைதாரருக்கும் வேலை நடந்தது. கையெழுத்திடும் அதிகாரத்தை வைத்துப் பணம் பறித்தவர்களும் உண்டு. இருந்தாலும் உரிமைப் பதிவையும் நெல் விற்பனையையும் தனித்தனியே வைத்திருந்த அந்தச் சின்னச் சான்று, முப்பது நாற்பது ஆண்டு காலப் படுகைப் பொருளாதாரத்தின் ஓர் அச்சாணி.

கொள்முதலுக்கான இணைய அமைப்போ, புல எண்ணை உள்ளிட்டவுடன் தமிழ்நிலத்திலிருந்து பட்டாதாரர் பெயரை எடுத்துவந்தது. வேறு பெயர் கொடுத்தால் ஆதார் பொருந்தவில்லை. அலுவலரின் சான்று செய்த இடைப்பட்ட வேலைக்கு அங்கே இடம் இல்லாமல் போயிற்று, அல்லது ஒரு பதிவேற்றக் கோப்பாகக் குறுகியது. 2019 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை நில உடைமையாளருக்கே கொடுத்தது. அங்கே குத்தகைதாரரை விலக்கியது கணினி அல்ல, கொள்கைதான். ஆனால் அந்தக் கொள்கையை அப்படி வகுப்பது எளிதாயிருந்தது ஏன்? கணினியில் தயாராக இருந்த ஒரே பட்டியல் உடைமையாளர் பட்டியல்தான். எந்தத் தரவு கைவசம் இருக்கிறதோ அதற்கேற்ற குடிமகனைத் திட்டம் தேடிக்கொள்கிறது. இதை நான் இந்த வரலாற்றின் மிக வருத்தமான பகுதியாகக் கருதுகிறேன். 1969-இன் பதிவேடு தன் குறைகளோடேயேனும் அப்போதே முழு முயற்சியோடு நிரப்பப்பட்டு, பின்னர் தமிழ்நிலத்தோடு இணைக்கப்பட்டிருந்தால், இன்று ஒவ்வொரு திட்டத்திலும் குத்தகைதாரர் புதிதாகத் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்காது.

நவம்பர் 15

காலத்தின் கதைக்கு வருவோம். டெல்டாவின் விவசாயத்தைப் பஞ்சாங்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை, மேட்டூர் அணையும் தீர்மானிக்கிறது. 1934-இல் கட்டி முடிந்த அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. 2017-இல் அக்டோபர் 2-இல் திறந்தார்கள். 2019-இல் ஆகஸ்ட் 13. 2020, 2021-இல் ஜூன் 12. 2022-இல் மே 24. 2024-இல் ஜூலை 28. நான்கு மாதத்துக்கும் மேலான ஊசலாட்டம். தண்ணீர் திறந்தாலும் கல்லணையிலிருந்து கடைமடை வரை போய்ச் சேரும் நாள் வேறு. ஆழ்துளைக் கிணறு உள்ளவர் குறுவை நட்டிருப்பார், இல்லாதவர் ஒருபோகச் சம்பாவுக்குக் காத்திருப்பார். குறுவை அறுத்த வயலில் தாளடி. சிலர் நாற்று விட்டு நடுவார்கள், சிலர் நேரடியாகத் தெளிப்பார்கள். பக்கத்துப் பக்கத்து வயலில் ஒன்று பூக்கும் தறுவாயில் இருக்கும், மற்றொன்று அப்போதுதான் நடவாகியிருக்கும்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் வந்தது. சம்பா நெல்லுக்குப் பதிவு செய்ய வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15. பதிவுக்கு அடங்கல் அல்லது விதைப்புச் சான்று வேண்டும். பசலி முழுக்க மாதாமாதம் பார்த்து எழுதப்பட வேண்டிய ஏட்டை ஐப்பசி மழையின் நடுவே சில வாரங்களுக்குள் ஒட்டுமொத்தமாக வழங்கு என்று அமைப்பு கேட்கிறது. நடவு முடியாத வயலுக்கும் சான்று தேவைப்படுகிறது, இல்லையெனில் காலக்கெடு போய்விடும். பொதுச் சேவை மைய வாசலிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கூட்டம். வழங்கி முடங்கினால் அன்றைய நாள் வீண். 2022-இல் நவம்பர் 21 வரை நீட்டித்ததுபோல் பல ஆண்டுகளில் நாள் நீட்டிக்க வேண்டி வந்தது. நீட்டிப்பு திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறது என்றால் அந்தத் தேதி வயலைப் பார்த்துக் குறித்ததல்ல.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரம் இல்லை. இணையத்தை மட்டும் நம்பி அமைத்த ஒரு சேவை மிக அவசியமான வாரத்தில் கிடைக்காமல் போனது. அந்த ஆண்டின் இறுதியில் கிராம நிர்வாக அலுவலர் சங்கங்கள் போராட்டத்தில் இறங்கியபோது முன்வைத்த கோரிக்கைகளில் கணினியும் இணையச் செலவும் அலுவலகத்தின் அடிப்படை வசதிகளும் இருந்தன. மின் ஆளுகை அறிவிப்புகளின் நடுவே, அதை நடத்த வேண்டியவர் தன் கைக்காசில் இணையம் போட்டு, ஒழுகும் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தார்.

பயிராய்வையே கைபேசிச் செயலிக்குக் கொண்டுபோகும் முயற்சி இதன் அடுத்த கட்டம். மின் அடங்கல் முதலில் வந்தது, அடுத்து மத்திய அரசின் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு. செயலி அலுவலரை ஒவ்வொரு உட்பிரிவிலும் நின்று படம் எடுக்கச் சொல்கிறது. கருத்தளவில் இது அஜ்மாயிஷின் உண்மையான மீட்பு, அதை நான் வரவேற்கிறேன். ஆனால் ஒரு கிராமத்தில் ஆயிரக்கணக்கான உட்பிரிவுகள். நஞ்சை வரப்பு ஓரடி அகலம், சேறு, பாம்பு, மழை. ஒரு போகத்துக்குள் அத்தனையிலும் நிற்க ஓர் அலுவலரால் இயலாது. வருவாய் அலுவலர்கள் மறுத்தார்கள். 2024 இறுதியில் வேளாண் கல்லூரி மாணவர்கள் இந்தப் பணிக்கு அனுப்பப்பட்டார்கள், அதுவும் சர்ச்சையானது. கர்ணம் தலையாரியின் துணையோடு மடைக்கு மடை நின்று, ஒரு பார்வையில் இருபது வயலை எழுதினார். அவருக்கு வயலும் தெரியும், உழுபவரும் தெரியும். செயலிக்கு இரண்டும் தெரியாததால் அது ஒவ்வொன்றின் அருகிலும் மனிதரைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்த மனிதவளத்தை யார் தருவது என்ற கேள்வி திட்டத்தில் இல்லை.

கடவுச்சொல்

களத்தில் வேலை தாங்க முடியாமல் போகும்போது ஊழியர்கள் கடைப்பிடிக்கும் வழி ஒன்று உண்டு. அலுவலரின் கடவுச்சொல் உதவியாளருக்குத் தெரியும், பிறகு கணினி மையக்காரருக்கும் தெரியும். இது சோம்பல் என்று சொல்வது எளிது. உண்மையில் நாளுக்கு நூறு விண்ணப்பத்துக்கு ஒப்புதல் அளிக்க வேண்டியவர், தலைமையிடக் கூட்டத்திலும் தேர்தல் பணியிலும் மணல் கடத்தல் ரோந்திலும் இருக்கும்போது, வேலை நின்றுவிடாமல் இருக்க உருவான ஏற்பாடு. 2020 ஆகஸ்டில் பிரதமர் கிசான் முறைகேடு தமிழகத்தில் வெளிப்பட்டது. வேளாண் துறை அலுவலர்களின் உள்நுழைவு விவரங்களைப் பயன்படுத்தித் தனியார் கணினி மையங்களும் இடைத்தரகர்களும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்களைச் சேர்த்திருந்தார்கள். சுமார் 110 கோடி ரூபாய். பெரும்பகுதி வட மாவட்டங்களில் நடந்தது. ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள், சிலர் கைதானார்கள். குற்றம் குற்றமே. ஆனால் சரிபார்ப்பு என்ற வேலைக்கு ஆளும் நேரமும் ஒதுக்காமல், சரிபார்த்தேன் என்று அழுத்த ஒரு பொத்தான் மட்டும் ஒதுக்கிய வடிவமைப்பு, அந்தக் குற்றத்துக்கு வழி திறந்து வைத்தது.

பிற மாநிலங்கள் எடுத்த வழிகள்

குத்தகைதாரரை உரிமைப் பிரச்சினை இல்லாமல் பதிவது முடியாத காரியம் அல்ல. ஆந்திரம் 2011-இல் உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டம் இயற்றிக் கடன் தகுதி அட்டை கொடுத்தது. 2019-இல் பயிர்ச் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் 11 மாத அட்டையைக் கொண்டுவந்தது. நில உரிமையை அது தொடாது, பயிர்க் கடனுக்கும் காப்பீட்டுக்கும் மட்டும் பயன்படும். உடைமையாளரின் கையெழுத்து வேண்டும் என்ற நிபந்தனையால் பலருக்கு அட்டை கிடைக்கவில்லை என்பது அதன் பெருங்குறை. ஒடிசாவின் காலியா திட்டம் 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோதே விளைச்சல் பங்குக்கு உழுபவர்களையும் நிலமற்றோரையும் சேர்த்தது. தெலங்கானாவின் ரைத்து பந்து 2018-இல் உடைமையாளரோடு நின்றுவிட்டது. மூன்றிலும் கணினி இருந்தது. யார் விவசாயி என்ற முடிவு கணினிக்கு முன்பே எடுக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் அந்த முடிவு இன்னும் முறையாக எடுக்கப்படவில்லை. காகிதச் சான்று அதைத் தள்ளிப்போட இடம் கொடுத்தது, இணைய அமைப்பு இடம் கொடுப்பதில்லை. 2025 தொடக்கத்தில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பதிவு இங்கும் தொடங்கியது. எதிர்காலத்தில் காப்பீடும் கடனும் மானியமும் கொள்முதலும் அந்த எண்ணின் மேல் நிற்கப்போகின்றன. அதற்குக் கேட்ட ஆவணங்கள் ஆதார், ஆதாரோடு இணைந்த கைபேசி, பட்டா. பசலிக்குப் பசலி மாறும் சாகுபடியாளரின் பெயரை, உடைமையாளரின் பட்டாவைத் தொடாமல், பக்கத்தில் ஏற்றிக்கொள்ள அந்த எண்ணோடு இன்னொரு புலத்தைச் சேர்ப்பது தொழில்நுட்பத்தில் பெரிய வேலை அல்ல. கிராமக் கணக்கு எண் 2-இல் அந்தக் கட்டம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. அதை நிரப்புபவருக்கு வழக்கிலிருந்து சட்டப் பாதுகாப்பும், வயலைச் சுற்றி வர ஆளும் நாளும் கொடுப்பது வருவாய்த் துறையும் சட்டமன்றமும் செய்ய வேண்டிய வேலை.